உங்கள் நிரல் வேறொருவர் சர்வரில்: ஓப்பன் சோர்ஸ் உரிமத் தகராறுகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

நீங்கள் எழுதிப் பொதுவில் வைத்த நிரல், யாரோ ஒருவரின் தளத்தில் வேறு பெயரில் கிடக்கிறது. அல்லது ஒரு நிறுவனம் அதைத் தன் சர்வரில் ஏற்றி, சந்தா வாங்கிச் சேவையாக நடத்துகிறது. மாற்றிய நிரல் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு பக்கம், நீங்கள் ஃபோர்க் செய்து, அதாவது ஒரு திட்டத்தின் நிரலைப் பிரதி எடுத்துத் தனியே வளர்த்து, நடத்தும் திட்டத்துக்கு, மூல நிறுவனம் தன் சர்வரின் கதவைச் சாத்திவிட்டது. மூன்றையும் மக்கள் "ஓப்பன் சோர்ஸ் உரிமை மீறல்" என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் மூன்றுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய நிவாரணமும் வேறு.

கடிதம் எழுதப் போகிறவருக்கும், வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழிப்பவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இத்தகைய தகராறுகள் பலவும் முதல் கடிதத்திலேயே கெட்டுப்போகின்றன. எந்த உரிமை, எந்தப் பிரிவின்படி மீறப்பட்டது என்று முடிவு செய்யாமல் கோபத்தை மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வசதியான கடிதம் கிடையாது.

படி 1: நிரலா, பெயரா, சர்வரா என்று பிரியுங்கள்

ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தைச் சுற்றி மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. நிரல் பதிப்புரிமைக்குள் வரும். பெயரும் சின்னமும் வணிகக்குறிச் சட்டத்துக்குள் வரும். சர்வர் அதை நடத்துபவரின் சொத்து. அதைப் பயன்படுத்துவது சேவை விதிமுறைகளைப் பொறுத்தது. ஓப்பன் சோர்ஸ் உரிமம் திறந்துவிடுவது முதலாவதை மட்டும்தான். அப்பாச்சி 2.0 என்ற உரிமம் தன் 6-ஆம் பிரிவில், வணிகக்குறியைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கதைக்கு லெஃப்ட்-பேட் என்ற சிறு நிரலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2016 மார்ச்சில் "கிக்" என்ற ஒரு பேக்கேஜின் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் பொதியின்) பெயர், அதை எழுதிய நிரலாளருக்கா, அதே பெயர் கொண்ட நிறுவனத்துக்கா என்று சண்டை வந்தது. பேக்கேஜ்களை வைத்து வழங்கும் என்பிஎம் தளம் பெயரை நிறுவனத்துக்குக் கொடுத்ததும், அந்த நிரலாளர் தன் பேக்கேஜ்கள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றில் 11 வரி மட்டுமே கொண்ட லெஃப்ட்-பேட்டும் ஒன்று. அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்களின் பில்டு (நிரலைக் கட்டி உருவாக்கும் வேலை) உடனே உடைந்தது. சற்று நேரத்தில் வேறொருவர் அதே நிரலை மறுபடி ஏற்றினார். பிறகு என்பிஎம்மே பழைய பதிப்பை மீட்டு வைத்தது. உரிமத்தின்படி இரண்டுமே செல்லும். அதாவது, சண்டை பெயரைப் பற்றியது. முடிவெடுத்தது சர்வரின் உரிமையாளர். நிரலை மறுபடி ஏற்ற அனுமதித்தது உரிமம்.

சர்வர் பக்கம் வருவோம். இங்கேதான் மனத்தாங்கல் அதிகம். 2016-இல் சிக்னல் என்ற செய்திச் செயலியின் ஃபோர்க்கான லிப்ரேசிக்னலிடம், சிக்னல் என்ற பெயரையும் பயன்படுத்த வேண்டாம், எங்கள் சர்வரோடும் இணைய வேண்டாம் என்று சிக்னல் தரப்பு கேட்டுக்கொண்டது. அப்போது செயலியின் நிரல் ஜிபிஎல்தான், அதாவது பிரதியைக் கொடுப்பவர் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் உரிமம். ஆனாலும் ஜிபிஎல்லில் எந்தப் பிரிவும் சிக்னலின் சர்வருக்குள் போகும் உரிமையைத் தருவதில்லை. 2021 மார்ச்சில் கூகுள், தன் குரோம் உலாவியின் திறந்த நிரலான குரோமியத்தை வைத்து மற்றவர்கள் உருவாக்கும் உலாவிகளுக்கு, குரோம் சிங்க் (உலாவித் தரவைக் கருவிகளுக்கிடையே ஒத்திசைப்பது) போன்ற தன் தனிப்பட்ட ஏபிஐகளை, அதாவது நிரல்கள் ஒரு சேவையோடு பேசும் வழிகளை, மூடியது. குரோமியத்தின் நிரல் திறந்தபடியே இருந்தது. லினக்ஸ் வகைகளான டெபியனும் ஃபெடோராவும் தந்த பதிப்புகளில் சிங்க் மட்டும் நின்றது. மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் கருவியான விஎஸ் கோடின் நிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. அதன் எக்ஸ்டென்ஷன் சந்தையோ மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதனால்தான் அதே நிரலிலிருந்து பிறர் கட்டித் தரும் விஎஸ்கோடியம், எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் பக்கம் போனது.

2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் மென்பொருளின் வேர்ட்பிரஸ்.ஆர்க் சர்வர்களிலிருந்து, வேர்ட்பிரஸ் தளங்களை ஹோஸ்ட் செய்யும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனம் தடுக்கப்பட்டபோதும் இதே கோடுதான். வேர்ட்பிரஸ் ஜிபிஎல்லில் இருப்பதால் நிரலைத் தடுக்க முடியாது. அப்டேட் வரும் சர்வரைத் தடுக்க முடிந்தது. அந்த டிசம்பரில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அணுகலைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த உத்தரவுகூட ஜிபிஎல்லை அடிப்படையாகக் கொண்டு வரவில்லை. வாடிக்கையாளரோடு இருக்கும் ஒப்பந்தத்தில் வேண்டுமென்றே குறுக்கிட்டார்கள் என்ற வாதம்தான் எடுபட்டது.

ஆகவே உங்கள் பிரச்சினை சர்வர் அணுகல் என்றால், உரிமக் கோப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சேவை விதிமுறை, உங்களுக்குள் ஏதாவது ஒப்பந்தம், போட்டிச் சட்டம் இவைதான் உங்கள் வழிகள். ஃபோர்க் நடத்துபவர் என்றால் அப்டேட் சர்வர், பேக்கேஜ் பட்டியல், அடையாளச் சேவை ஆகியவற்றில் எவையெல்லாம் அடுத்தவர் வீட்டில் இருக்கின்றன என்று முதல் நாளே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மிரர் (உங்கள் சொந்தப் பிரதி) வையுங்கள். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் கதவு சாத்தப்பட்ட அன்று அல்லாடுகிறார்கள்.

படி 2: அந்தப் பதிப்பின் உரிமத்தைப் படியுங்கள்

திட்டத்தின் இன்றைய உரிமத்தைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுவது பெரிய தவறு. எதிர்த்தரப்பு எடுத்த கமிட்டில் (நிரலின் அந்தப் பதிவு நிலையில்) என்ன உரிமம் இருந்தது என்பதுதான் கணக்கு. ரெப்போவின் (நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் இடத்தின்) வரலாற்றில் அந்த நாளுக்குப் போய், உரிமக் கோப்பையும் ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் பாருங்கள். சில கோப்புகள் வேறு உரிமத்தில் இருக்கும். மூன்றாம் தரப்பு நிரல் உள்ளே கலந்திருக்கும்.

உரிமமே இல்லாத ரெப்போ என்றால்? பதிப்புரிமை தானாக வருவது. உரிமம் இல்லை என்றால் அனுமதி இல்லை. நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்தால், அந்தத் தளத்துக்குள் பார்க்கவும் ஃபோர்க் செய்யவும் மற்றவர்களுக்கு அதன் விதிமுறை அனுமதி தருகிறது. வேறு தளத்தில் கொண்டுபோய் வைக்க அது அனுமதி ஆகாது.

நிரலை வேறிடத்தில் ஏற்றுவது எந்த ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலும் தவறு இல்லை. எம்ஐடி கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை அறிவிப்பும் அனுமதி வாசகமும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். அப்பாச்சி இன்னும் கொஞ்சம் கேட்கிறது: மாற்றிய கோப்பில் மாற்றியதைக் குறிக்க வேண்டும், நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஜிபிஎல்லில் பைனரியை (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்தை) கொடுப்பவர் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால், "என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள்" என்பது வருத்தம்தானே தவிர மீறல் அல்ல. நீங்கள் மனம் மாறி ரெப்போவை அழித்துவிட்டாலும், ஏற்கெனவே வாங்கியவர் கையில் உள்ள உரிமம் அழியாது. ஜிபிஎல் 3-உம் அப்பாச்சியும், நிபந்தனைகளை மதிக்கும்வரை இந்த அனுமதி திரும்பப் பெற முடியாதது என்று எழுதியே வைத்திருக்கின்றன.

சர்வரில் ஓட்டுவது வேறு விஷயம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜிபிஎல்லின் கடமைகள் பிரதி கை மாறும்போதுதான் விழிக்கின்றன. நெட்வொர்க் வழியாக ஒருவர் நிரலோடு ஊடாடுவது மட்டும் பிரதி கொடுத்தது ஆகாது என்று ஜிபிஎல் 3 தன் வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. எனவே ஒரு நிறுவனம் உங்கள் ஜிபிஎல் நிரலை எவ்வளவு மாற்றினாலும், தன் சர்வரில் மட்டும் ஓட்டினால் உங்களுக்கு எதையும் தர வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கைப் பலர் கவனிப்பதில்லை: பயனரின் உலாவிக்கு இறங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிஜமாகவே கை மாறும் பிரதி. அந்தப் பகுதி ஜிபிஎல் என்றால் கடமையும் உண்டு.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2007 நவம்பரில் ஏஜிபிஎல் 3 வந்தது. அதன் 13-ஆம் பிரிவை நான்கு துண்டாகப் பிரித்துப் படியுங்கள். நிரல் மாற்றப்பட்டிருக்க வேண்டும். பயனர்கள் நெட்வொர்க் வழியாக அதோடு ஊடாட வேண்டும். அப்படி ஊடாடும் எல்லோருக்கும், கண்ணில் படும்படி, மூலநிரலைப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். தருவது ஓடிக்கொண்டிருக்கும் அதே பதிப்பின் மூலநிரலாக, இலவசமாக இருக்க வேண்டும். முதல் துண்டைத்தான் புகார் எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள்: மாற்றாமல் அப்படியே ஓட்டுபவரை 13-ஆம் பிரிவு கட்டுப்படுத்தாது. நான்காவதைத்தான் சேவை நடத்துபவர்கள் விட்டுவிடுகிறார்கள்: மாற்றிவிட்டு, மூலத் திட்டத்தின் ரெப்போவுக்கு ஒரு இணைப்பு கொடுத்தால் போதாது.

ட்ரூத் சோஷியல் என்ற சமூக வலைத்தளத்தின் விவகாரம் இந்த நான்கையும் தொட்டது. 2021 அக்டோபரில் அதன் சோதனைத் தளத்துக்குள் சிலர் நுழைந்து பார்த்தபோது, அது ஏஜிபிஎல்லில் உள்ள மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருளின் மாற்றிய வடிவம் என்பது தெரிந்தது. தளத்தின் விதிமுறையோ நிரல் முழுவதும் தங்களுடைய தனிச்சொத்து என்றது. மென்பொருள் சுதந்திரக் காப்பகமான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, தளத்தை ஒருமுறை பயன்படுத்தியவருக்கும் மூலநிரல் கேட்கும் உரிமை உண்டு என்று பொதுவெளியில் சுட்டிக்காட்டியது. மீறலைச் சரிசெய்ய உரிமம் தரும் 30 நாள் அவகாசத்தையும் நினைவூட்டியது. மாஸ்டடான் தரப்பும் முறைப்படி கடிதம் அனுப்பியது. நவம்பரில் தளத்தில் மூலநிரல் ஒரு ஜிப் கோப்பாக வந்து சேர்ந்தது. நீதிமன்றம் ஏறாமலே முடிந்தது, ஏனென்றால் பிரிவும் அவகாசமும் கேட்ட பொருளும் தெளிவாக இருந்தன.

எஸ்எஸ்பிஎல், எலாஸ்டிக் லைசென்ஸ், பிஎஸ்எல் போன்ற, பயன்பாட்டுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைக்கும் உரிமங்களை இதே தட்டில் வைக்காதீர்கள். 2018 அக்டோபரில் தரவுத்தள நிறுவனமான மாங்கோடிபி கொண்டுவந்த எஸ்எஸ்பிஎல், நிரலைச் சேவையாக விற்பவர் தன் கண்காணிப்பு, பேக்கப், நிர்வாக மென்பொருள் உட்படச் சேவை நடத்தத் தேவையான எல்லாவற்றின் மூலநிரலையும் தரச் சொல்கிறது. எது ஓப்பன் சோர்ஸ் என்று வரையறுக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அதை ஓப்பன் சோர்ஸாக ஏற்கவில்லை. எலாஸ்டிக் லைசென்ஸ் 2.0 ஒரு படி மேலே போய், பிறருக்கு நிர்வகிக்கப்பட்ட சேவையாகத் தருவதையே தடுக்கிறது.

படி 3: சாட்சியத்தைக் கடிதத்துக்கு முன் சேருங்கள்

கடிதம் போன மறுநாள் பக்கம் மாறலாம், ரெப்போ மறையலாம். அதனால் முதலில் சேகரிப்பு. எதிர்த்தரப்பு ரெப்போவை முழு வரலாற்றோடு குளோன் (பிரதி) செய்து கமிட் எண்களைக் குறித்து வையுங்கள். இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் பக்கத்தைப் பதிவு செய்யுங்கள். சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் ரெப்போவைச் சேமிக்கச் சொல்லிக் கேட்கலாம். அது ஒவ்வொரு கோப்புக்கும் மாறாத அடையாள எண் தரும். நீங்கள் தனியே எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டைவிட, மூன்றாம் தரப்பிடம் தேதியோடு இருக்கும் பிரதிக்கு மதிப்பு அதிகம்.

ரெப்போ இல்லை, ஓடும் சேவை மட்டும்தான் என்றால் வெளியிலிருந்தே பார்க்கக் கிடைப்பவை நிறைய. ஏபிஐ பதிலில் வரும் பதிப்பு எண், பிழைச் செய்தியின் வாசகம், உலாவிக்கு இறங்கும் கோப்புகளில் உள்ள மாறிப் பெயர்கள், நீங்கள் கருத்துரையில் செய்த எழுத்துப்பிழை அப்படியே அங்கும் இருப்பது. மாற்றப்பட்டதைக் காட்ட, உங்கள் வெளியீட்டில் இல்லாத ஒரு வசதி அங்கே இருப்பதைக் காட்டுங்கள். அதற்காக அனுமதி இல்லாத இடத்துக்குள் நுழையாதீர்கள். சாதாரணப் பயனர் பார்க்கக்கூடியது எதுவோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எது உங்களுடையது என்று வரிவரியாகக் காட்டுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹாம்பர்க் வழக்கைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக், 2015-இல் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மீது ஜிபிஎல் வழக்கு போட்டார். 2016-இல் தள்ளுபடி, 2019-இல் மேல்முறையீடும் தள்ளுபடி. ஜிபிஎல் செல்லுமா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. சர்ச்சைக்குரிய நிரலில் எந்தப் பகுதி அவருடையது, அது எப்படி எதிர்த்தரப்பில் இருக்கிறது என்பதைப் போதுமான அளவு காட்டவில்லை என்று முடித்துவிட்டது. அவ்வளவு பெரிய பங்களிப்பாளருக்கே இந்த நிலை.

இதன் மறுபக்கம் ஓப்பன்டோஃபு. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில், சர்வர்களை அமைக்க உதவும் தன் டெராஃபார்ம் கருவியின் உரிமத்தை, ஓப்பன் சோர்ஸ் உரிமமான எம்பிஎல்லிலிருந்து பிஎஸ்எல்லுக்கு மாற்றியது. பழைய எம்பிஎல் நிரலிலிருந்து பிறந்த ஃபோர்க்தான் ஓப்பன்டோஃபு. 2024 ஏப்ரலில், பிஎஸ்எல் நிரலை நகலெடுத்துவிட்டீர்கள் என்று ஹாஷிகார்ப் கடிதம் அனுப்பியது. ஓப்பன்டோஃபு தரப்பு வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. குற்றம்சாட்டப்பட்ட வசதி, எம்பிஎல்லில் ஏற்கெனவே இருந்த வேறொரு பகுதியைப் பார்த்து எழுதப்பட்டது என்று கோப்புக்குக் கோப்பு, வரிக்கு வரி பக்கத்தில் பக்கம் வைத்து ஆவணமாக வெளியிட்டது. இரண்டு அணிகளுமே ஒரே மூலத்தைப் பார்த்து எழுதினால் ஒரே மாதிரி வருவது இயல்பு என்பது அதைப் படித்தவருக்குத் தெளிவாகவே புரிந்தது. உரிமம் மாறிய திட்டத்தின் ஃபோர்க்கை நடத்துபவர்கள் அந்த ஆவணத்தை ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்: எந்தக் கமிட்டில் பிரிந்தோம், அதன் பிறகு வந்த ஒவ்வொரு வரியும் யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது என்பது ரெப்போவிலேயே பதிவாகியிருக்க வேண்டும். மூலத் திட்டத்தின் புதிய நிரலைப் பார்த்தவர் அதே வசதியை ஃபோர்க்கில் எழுதக் கூடாது என்றும் விதி வையுங்கள்.

படி 4: கேட்கும் உரிமை யாருக்கு?

பதிப்புரிமைதாரர்தான் கேட்க முடியும். திட்டத்தைத் தொடங்கியவர் என்பதால் எல்லா நிரலும் உங்களுடையது ஆகாது. பங்களிப்பாளர் ஒப்பந்தம் வாங்கவில்லை என்றால், ஒவ்வொருவரின் வரியும் அவரவருடையது. வேலை நேரத்தில் எழுதியது என்றால் அது உங்கள் நிறுவனத்துடையதாக இருக்கலாம். வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பங்கு சிறியதாக இருந்தால் முக்கியப் பங்களிப்பாளர்களோடு சேர்ந்து எழுதுங்கள்.

இதிலிருந்தே இன்னொரு விஷயமும் வருகிறது. முழு உரிமையும் வைத்திருப்பவரைத் தன் சொந்த ஏஜிபிஎல் கட்டுப்படுத்தாது. சிக்னல் தன் ஏஜிபிஎல் சர்வர் நிரலை 2020 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் பொதுவில் புதுப்பிக்கவில்லை. பயனர்களுக்கு அது நம்பிக்கைப் பிரச்சினை, நியாயமான கேள்வியும்கூட. ஆனால் உரிம மீறல் என்று வழக்காட இடமில்லை.

படி 5: முதல் கடிதம்

2015-இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் சேர்ந்து, உரிமத்தை நடைமுறைப்படுத்துவோருக்கான கொள்கைகளை வெளியிட்டன. அதன் சாரம்: முதல் நோக்கம் இணங்க வைப்பது, பணம் அல்ல, வழக்கு கடைசி வழி. நான் இதை முழுமனதோடு ஏற்கிறேன். பெரும்பாலும் எதிரே இருப்பவர் உரிமத்தைப் படிக்காத ஒரு சிறிய அணி. அவர்களை எதிரியாக்கினால் நிரலும் வராது, பின்னால் வரக்கூடிய ஒரு பங்களிப்பாளரும் போய்விடுவார்.

கடிதம் தனிப்பட்ட முறையில் போக வேண்டும். பொதுவெளியில் குற்றம்சாட்டிவிட்டுப் பிறகு கடிதம் எழுதுவது பேச்சை முறித்துவிடும். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இன்ன முகவரியில் நீங்கள் நடத்தும் சேவை, ஏஜிபிஎல் 3 உரிமத்தில் உள்ள எங்கள் நிரலின் மாற்றப்பட்ட வடிவம் என்று தெரிகிறது. இணைப்பில் உள்ள கோப்புகளின் பதிப்புரிமை என்னுடையது. இன்ன தேதியில் பார்த்தபோது மூலநிரலுக்கான இணைப்பு தளத்தில் எங்கும் இல்லை. எங்கள் வெளியீட்டில் இல்லாத இன்ன வசதி உங்கள் தளத்தில் இருப்பதால், நிரல் மாற்றப்பட்டதாகக் கருதுகிறேன். 13-ஆம் பிரிவின்படி, இப்போது ஓடும் பதிப்பின் முழு மூலநிரலைப் பயனர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் அதைச் செய்து எனக்குத் தெரிவித்தால் போதும். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தயவுசெய்து விளக்குங்கள்."

30 நாள் என்பது சும்மா போட்ட எண் அல்ல. ஜிபிஎல் 3, ஏஜிபிஎல் 3 இரண்டிலும் 8-ஆம் பிரிவின்படி, ஒரு பதிப்புரிமைதாரரிடமிருந்து முதல் முறையாக அறிவிப்பு பெற்றவர் 30 நாளுக்குள் சரிசெய்தால், இழந்த உரிமம் நிரந்தரமாகத் திரும்பும். ஜிபிஎல் 2-இல் இந்த அவகாசம் கிடையாது. மீறிய கணமே உரிமம் போய்விடும். லினக்ஸ் கெர்னல் அணியும் ரெட் ஹேட், கூகுள், ஐபிஎம், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களும் 2017-இல் முன்வந்து, ஜிபிஎல் 2-க்கும் இதே அவகாசத்தைத் தருவதாக அறிவித்தன. நீங்களும் அப்படியே தரலாம்.

ஜிபிஎல் இல்லாத உரிமத்துக்கும் பல் உண்டா என்று எதிர்த்தரப்பு கேட்டால், ஜேக்கப்சன் எதிர் கேட்சர் வழக்கைச் சொல்லுங்கள். மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு நிரலைப் பற்றிய வழக்கு அது. உரிமம் ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ். பெயர்க்குறிப்பு போன்ற நிபந்தனைகளை மீறினால் அது பதிப்புரிமை மீறலே என்று அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது.

படி 6: பக்கத்தை இறக்கச் சொல்வதற்கு முன்

பதில் வரவில்லை என்றவுடன் டிஎம்சிஏ நோட்டீஸ், அதாவது பதிப்புரிமை மீறிய பக்கத்தை இறக்கச் சொல்லும் நோட்டீஸ், அனுப்பத் தோன்றும். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அது; அங்குள்ள ஹோஸ்டிங் தளங்கள் அதன்படி நடக்கின்றன. கருவி வலுவானது, ஆனால் உங்களுக்கு வேண்டியது என்ன என்று ஒருமுறை யோசியுங்கள். ஏஜிபிஎல் விவகாரத்தில் நீங்கள் கேட்பது நிரல் வெளியே வர வேண்டும் என்பது. இருக்கும் ரெப்போவையும் இறக்கவைத்தால் கேட்டதற்கு நேர்மாறாக முடியும். பெயர்க்குறிப்பு அழிக்கப்பட்ட ரெப்போ என்றால் நோட்டீஸிலேயே "அறிவிப்பைத் திரும்பச் சேர்த்தால் போதும்" என்று தீர்வை எழுதுங்கள். குறிப்பிட்ட கோப்புகள் மட்டும்தான் பிரச்சினை என்றால், கிட்ஹப் ரெப்போவை மூடும் முன் உரிமையாளருக்குத் திருத்த ஏறக்குறைய ஒரு வேலைநாள் தருகிறது.

மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். கிட்ஹப் இந்த நோட்டீஸ்களைப் பொதுவில் வெளியிடுகிறது. உங்கள் வார்த்தைகள் எல்லோரும் படிக்க நிற்கும். ஒரு ரெப்போவை இறக்கினால் அதன் ஃபோர்க்குகள் தானாக இறங்காது. தனியே குறிப்பிட வேண்டும். எதிர்த்தரப்பு மறுப்பு நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலைநாளுக்குள் இறக்கிய பக்கம் திரும்ப வரும். தெரிந்தே பொய் சொல்லி இறக்கவைத்தால் நஷ்டஈடு உங்கள் தலையில். சர்வர் அணுகல், வணிகக்குறி இரண்டுக்கும் இந்த நோட்டீஸ் உதவாது.

வழக்கு என்றால் பொறுமை வேண்டும். பிரான்ஸில் ஆந்த்ரூவேர் என்ற சிறிய நிறுவனம் தன் ஜிபிஎல் நூலகத்துக்காக (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்புக்காக) தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச் மீது 2011-இல் தொடுத்த வழக்கில், பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்டஈடு தரச் சொன்னது 2024 பிப்ரவரியில். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள்.

படி 7: கடிதம் உங்களுக்கு வந்திருந்தால்

எதையும் அழிக்காதீர்கள். கிடைத்தது, பார்க்கிறோம், இன்ன நாளுக்குள் பதில் தருகிறோம் என்று உடனே ஒரு பதில் போடுங்கள். மௌனத்தைத்தான் எல்லோரும் மீறலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் சர்வரில் ஓடும் பதிப்பு எந்தக் கமிட் என்று கண்டுபிடியுங்கள். அதை அப்படியே வெளியிட வேண்டும். கட்டமைக்க, நிறுவ, ஓட்டத் தேவையான ஸ்கிரிப்டுகளும் இதில் சேரும். பயனர் தரவு, கடவுச்சொல், ஏபிஐ சாவிகள் சேராது. இங்கேதான் அவசரத்தில் பெரிய ஆபத்து: பழைய கமிட் ஒன்றில் சாவி புதைந்திருக்கும், வரலாற்றோடு ரெப்போவைத் திறந்துவிடுவார்கள். முதலில் எல்லாச் சாவிகளையும் மாற்றுங்கள். வரலாறு முழுவதையும் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஓடும் பதிப்பின் மூலநிரல் போதும்.

தளத்தின் அடியில் மூலநிரல் இணைப்பு வையுங்கள். அதை டிப்ளாய் செய்யும் (சர்வரில் ஏற்றும்) ஸ்கிரிப்டோடு கட்டிவிட்டால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் கமிட் எண் தானே மாறும். மாஸ்டடானில் உங்கள் ரெப்போ முகவரியைக் கொடுக்கத் தனி அமைப்பே இருக்கிறது. மூலநிரலை வேறு ஹோஸ்டிங் தளத்தில் வைக்கலாம், ஆனால் அந்தத் தளம் படுத்தால் பொறுப்பு உங்களுடையதுதான்.

படி 8: உரிமம் மாறிய, கூட்டல் நிபந்தனை ஒட்டிய திட்டங்கள்

புதிய உரிமம் பழைய பதிப்பைத் தொடாது. தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 7.10-இலிருந்து ஓப்பன்சர்ச்சும், தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 7.2-இலிருந்து வால்கியும் பிறந்தது இந்த விதியால்தான். பிறகு எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல்லை ஒரு தெரிவாகச் சேர்த்தன. எனவே எந்தப் பதிப்பு எந்த உரிமம் என்ற பட்டியல் இல்லாமல் இந்தத் திட்டங்களை ஏற்றவே கூடாது.

கூட்டல் நிபந்தனை இன்னும் வழுக்கலான இடம். தரவுத்தள நிறுவனமான நியோ4ஜே 2018-இல் தன் என்டர்பிரைஸ் பதிப்பின் ஏஜிபிஎல்லோடு காமன்ஸ் கிளாஸ் என்ற விற்பனைத் தடையை ஒட்டியது. மேலதிகத் தடை இருந்தால் நீக்கிவிடலாம் என்று ஏஜிபிஎல்லே சொல்கிறதே என்று ஒரு தரப்பு அதை எடுத்துவிட்டு, வெறும் ஏஜிபிஎல்லாக மறுபடி வெளியிட்டது. 2020-இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட்டும் அதையே உறுதிசெய்தது. ஏஜிபிஎல்லின் எழுத்தைப் படித்த பலருக்கும் எனக்கும் அந்த முடிவு ஏமாற்றம்தான். இருந்தாலும் நடைமுறை அறிவுரை இதுதான்: ஒட்டிய தடையை நீங்களே பிய்க்காதீர்கள், தடை ஒட்டப்படாத கடைசிப் பதிப்பிலிருந்து தொடங்குங்கள்.

படி 9: முடித்துவைத்தல்

எதிர்த்தரப்பு நிரலை வெளியிட்டதும் நீங்களே எடுத்துக் கட்டிப் பாருங்கள். கட்ட முடியாத நிரல் முழு மூலநிரல் ஆகாது. சரியாக இருந்தால், உரிமம் மீண்டும் செல்லும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். மீறலை நிறுத்தியவருக்கு 60 நாளுக்குள் நீங்கள் அறிவிப்பு அனுப்பாவிட்டால் உரிமம் தானாகவே நிரந்தரமாகிவிடும் என்றாலும், எழுத்தில் இருப்பது இருவருக்கும் நிம்மதி.

அடுத்த வெளியீட்டிலும் பாருங்கள், ஏனென்றால் இரண்டாம் மீறலுக்கு அந்த 30 நாள் சலுகை இல்லை. சதுரங்க நிரலான ஸ்டாக்ஃபிஷின் அணி, தொடர்ந்து மீறியதாகச் சொல்லி செஸ்பேஸ் நிறுவனத்தின் ஜிபிஎல் உரிமத்தையே முடித்துவிட்டு 2021-இல் மியூனிக்கில் வழக்கு தொடுத்தது. 2022 நவம்பரில் சமரசம் ஆனது. ஸ்டாக்ஃபிஷ் நிரல் கொண்ட தயாரிப்புகளின் விற்பனை நின்றது. உரிமம் இல்லாத காலமாக ஒரு வருடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. சுதந்திர மென்பொருள் உரிமங்களுக்கு இணங்கி நடப்பதைப் பார்த்துக்கொள்ள செஸ்பேஸ் தனியாக ஒரு பொறுப்பாளரை நியமித்தது. உங்கள் சமரசக் கடிதத்திலும் அப்படி ஒருவரின் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த முறை கடிதம் நேராக அவருக்கே போகும்.